கட்டிக்கிறேன் என்று சொன்னது

பிலோமினாளிடம் எதைக் கேட்டாலும், கேட்ட சொல்லையே திருப்பித் தருவாள். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்." "பஸ்சு போயிருச்சா?" என்றால் "போயிருச்சு." "வெயிலு கொல்லுதுல்ல?" என்றால் "கொல்லுது." அதற்கு மேல் ஒரு சொல் வராது. கே.கே. நகரில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் ஆயா. அவளோடு வேலை பார்க்கும் கனகா இதைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறாள்.

"எங்க ஊரு மலைக்கிட்ட நின்னு கத்துனா, கத்துனதே திரும்பி வரும். ஒங்கிட்டப் பேசுறதும் அப்புடித்தான் இருக்கு" என்பாள் கனகா. அவளுக்குச் சமணமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி.

"அப்புடித்தான் இருக்கு" என்பாள் பிலோமினாள்.

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் தப்பாக ஏதாவது வந்துவிடுமோ என்ற கூச்சம். கேட்டவர் சொல்லையே அவரிடம் கொடுத்துவிட்டால் அதில் தப்பு இருக்க முடியாது. மேற்கொண்டு கேள்வியும் வராது. சின்ன வயதிலேயே அவள் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. வாய் சும்மா இருந்ததாலோ என்னவோ, கண் மட்டும் ஓயாது. எந்தப் பிள்ளை நேற்றுப் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, எந்த டீச்சர் அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும்.

முப்பத்தெட்டு வயது வரை இந்த வழி அவளைக் கைவிட்டதில்லை. அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு கல்யாணத்தின் வாசலில் நிறுத்தியது.

அன்று ஜெனிஷாவுக்குப் புதுநன்மை. கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நாள். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளை முக்காடு, பூமுடி என்று ஒரு குட்டிக் கல்யாணம் போலவே இருக்கும். ஜெனிஷா தாயில்லாப் பிள்ளை. அப்பா ஞானமுத்து மைக் செட் போடுகிறவர். நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றி எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் பாடும். ஆள் மட்டும் பேசமாட்டார். "ஹலோ, மைக் டெஸ்ட்" என்பதைத் தவிர அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவருடைய அக்கா சவரியம்மாள் பொறுப்பு. பிள்ளையை உடுப்பாட்டுவதற்குப் பிலோமினாளைக் கூப்பிட்டு அனுப்பியதும் சவரியம்மாள்தான். ஒரே தெரு, ஒரே கோயில்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெனிஷாவின் முக்காடு நழுவ ஆரம்பித்தது. போட்டோ எடுக்க ஆள் காத்திருந்தது. பிலோமினாள் உதட்டில் நாலைந்து ஊக்கைக் கவ்விக்கொண்டு, மண்டி போட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வாசலில் ஸ்பீக்கர் காது கிழியப் பாடிக்கொண்டிருந்தது. தன் மகள் விசேஷம் என்பதால் ஞானமுத்து அன்றைக்கு எல்லாச் சாமானையும் இறக்கியிருந்தார்.

அப்போதுதான் சவரியம்மாள் உள்ளே வந்தாள். பின்னாலேயே உறவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். சவரியம்மாள் கையில் ஒரு சேலை. அரக்கு நிறம், மெல்லிய ஜரிகைக் கரை. அவள் ஏதோ நீளமாகப் பேசினாள். பாட்டுச் சத்தத்தில் பிலோமினாள் காதில் முழுசாக விழுந்தது கடைசிச் சொல் ஒன்றுதான்.

"...கட்டிக்கிறியாம்மா?"

ஊக்கைக் கவ்வியபடியே, வாய் திறக்காமல், "கட்டிக்கிறேங்க்கா" என்றாள் பிலோமினாள்.

பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி கையைத் தட்டினாள். ஒருத்தி பிலோமினாளின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டாள். உதட்டில் ஊக்கு இருந்தபடி பேசியதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவளும் லேசாகச் சிரித்தாள். சவரியம்மாள் சேலையை அவள் தோளில் போட்டாள். ஒரு ஊக்கு கீழே விழுந்தது. அதைத் தேடுவதில் மற்றது மறந்துபோயிற்று.

அன்று மாலை அவள் அண்ணன் ஆல்பின் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"என்ன பிலோமி, சவரியம்மா அக்கா எல்லாம் சொன்னாக. ஒனக்குச் சந்தோசந்தான?"

"சந்தோசந்தாண்ணே."

அண்ணன் அவள் தலையில் கை வைத்தான். அப்பா செத்தபோது வைத்தது. அதற்குப் பிறகு வைத்ததில்லை. ஒரு சேலைக்கு இம்புட்டா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. மதினி அன்றைக்கு அவளைப் பாத்திரம் கழுவ விடவில்லை. அதுவும் குழப்பம்தான்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற லூர்தம்மாள் அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேள்விப்பட்டேன்டி. பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குக்கா." துணியைப் பற்றி என்றால் மட்டும் பிலோமினாளுக்கு இரண்டு வார்த்தை கூட வரும். "கொஞ்சம் கனம். பழகிட்டாச் சரியாயிரும்."

"நெறந்தான் கொஞ்சம் மட்டு."

"மட்டா இருந்தா என்னக்கா? அழுக்குத் தெரியாது."

லூர்தம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அது பரவாயில்லையா?"

பிலோமினாளிடம் ஏற்கெனவே அரக்கு நிறத்தில் ஒரு பழைய சேலை உண்டுதான். அது லூர்தம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே, "பரவாயில்லக்கா. அது பாட்டுக்கு அதும் இருந்துட்டுப் போகுது. ரெண்டையும் நல்லா வச்சுக்கிருவேன்" என்றாள்.

லூர்தம்மாளின் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல யாருடி இப்புடிச் சொல்லுவா?" என்று பெரிய மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள். பிலோமினாள் அதை ஏற்றிவைத்துவிட்டு மாதா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலைக்காக ஒரு பொம்பளை அழுவாளா?

அன்று மத்தியானம் சோறு தின்னும்போது ஆல்பின் சொன்னான்: "ஃபாதர்கிட்டப் பேசியாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம மொத ஓலை."

ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் எல்லார் முன்னாலும் வாசிப்பது. வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி. பிறகு வேண்டாம் என்றால் அந்தப் பேர் பெண்ணோடு ஒட்டிக்கொண்டே வரும்.

"யாருக்குண்ணே?" என்று கேட்டாள் பிலோமினாள்.

அண்ணனும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாத்தீகளா, கல்யாணம்னதும் நம்ம பிலோமிக்குக் கேலியெல்லாம் வருது!"

"எனக்கும் மைக் செட்டு மச்சானுக்கும்தான் ஓலை, வாசிக்கச் சொல்லு" என்று ஆல்பினும் சேர்ந்துகொண்டான்.

பிலோமினாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கையில் சேலை. பின்னால் ஏழெட்டுப் பெண்கள். கட்டிக்கிறியாம்மா. அண்ணன் தலையில் வைத்த கை. கனம், பழகினால் சரியாகிவிடும். ஏற்கெனவே ஒன்று இருக்கே. அது ஜெனிஷா! பாவம் அந்தப் பிள்ளை, அதைப் போய், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் சேலையத்தான் சொன்னேன்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அது மட்டுமா காரணம் என்றால், அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூங்கும் வேளையில் கனகாவிடம் சொன்னாள். பிலோமினாள் தானாக ஒரு விஷயத்தைத் தொடங்கிச் சொன்னது அன்றைக்குத்தான். கனகா முதலில் சிரித்தாள். பிலோமினாள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, தாங்கமுடியாமல் மறுபடியும் சிரித்தாள்.

"நம்மாளுக பேசுறதச் சொல்லு. சட்டைன்னா போடு. வளையல்னா மாட்டு. பூன்னா வையி. சேலைக்கு மட்டும் கட்டு. சரி, கட்டிட்டுப் போகட்டும். மாட்டையும் கட்டுங்கிறான், மூட்டையையும் கட்டுங்கிறான், புருசனையும் அதே கட்டு. வேற ஒரு சொல்லு வச்சிருக்கக் கூடாதா?"

"கூடாதா" என்றாள் பிலோமினாள்.

"நீ உடுத்திக்கிறேன்னு சொல்லியிருந்தாத் தப்பிச்சிருப்படி. புருசன யாரும் உடுத்த முடியாதுல்ல."

"அக்கா கேட்டது கட்டிக்கிறியான்னு. நான் எப்புடி உடுத்திக்கிறேன்னு சொல்றது?"

"அதான் ஒன்னயப் பிடிச்ச சனியன். கேட்டதையே திருப்பிக் குடுக்கிறது." கனகா குரலை இறக்கினாள். "சரி, அதெல்லாம் கெடக்கட்டும். அந்த ஆள ஒனக்குப் பிடிக்குமா பிடிக்காதா?"

இதற்குப் பிலோமினாளிடம் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. பிடிக்கும் என்றும் பிடிக்காது என்றும் இரண்டும் கேள்வியிலேயே இருந்தது. எதை எடுத்துக் கொடுப்பது?

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடியும் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். ஸ்பீக்கர் சத்தம் உண்மை. ஆனால் சத்தத்துக்கு நடுவில் 'தம்பி' என்று ஒரு சொல் காதில் பட்டதோ? சவரியம்மாளின் கண் ஒரு தடவை வாசல் பக்கம் போய் வந்ததை அவள் பார்த்தாள். வாசலில் ஞானமுத்து நின்றார். ஜெனிஷா காதைப் பொத்திக்கொண்டபோது ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தவர் அவர். அதையும் பார்த்தாள். ஊரில் ஒருத்தர் கண்ணசைத்தால் கண்டுபிடிக்கிறவளுக்கு, அத்தனை பெண்கள் கூடி நின்று கேட்டது சேலைக்குத்தான் என்று எப்படித் தோன்றியது? தோன்றியதா, தோன்றியதாக இப்போது நினைத்துக்கொள்கிறாளா? தன் வாய் சொன்ன சொல் எந்தச் சொல் என்று தனக்கே தெரியாமல் போகுமா? நாகமலை வந்ததும் இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை கனகாவின் உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. கீழக்குயில்குடியில், கோயில் முன்னால் பந்தல். மைக் செட் யாருடையது என்பதை விசாரித்து வைத்துக்கொண்டுதான் கனகா அவளை இழுத்துப் போனாள்.

"மறுநா ஓலை. இன்னைக்காச்சும் போயி வாயத் தொறந்து பேசு. நான் தாமரைக் கொளத்துப் பக்கம் நிக்கிறேன். நீ கூப்பிட்டா வாரேன். கூப்பிட மாட்டங்கிறது தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்."

ஞானமுத்து ஏணியில் நின்று கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். பிலோமினாளைப் பார்த்ததும் கயிற்றின் நுனியைப் பல்லால் இறுக்கிவிட்டு இறங்கி வந்தார். வந்ததும் முதல் காரியமாக, மேஜை மேல் இருந்த மைக்கை அணைத்தார். இரண்டு தடவை தட்டிப் பார்த்து, அணைந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் பிலோமினாள்தான் தொடங்கினாள். "அன்னைக்கு நீங்களும் வாசல்ல நின்னீங்க."

"நின்னேன்."

அடடா, இவரும் நம்மைப் போலத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் என்ன சொன்னேன்னு ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சுல்ல. அக்கா என்னயக் கையக் காட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"எதுக்கு?"

"தெரியல. எல்லாரும் சிரிக்கும்போது நாம மட்டும் எப்புடிச் சும்மா நிக்கிறது? பொறகுதான் அக்கா சொல்லுச்சு, ஒனக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சுடா, அந்தப் பிள்ளையே வாயால சொல்லிருச்சுன்னு."

"ஒங்ககிட்ட யாரும் கேக்கலையா?"

"என்கிட்ட யாரு கேப்பா?" என்றார் ஞானமுத்து. வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க எதச் சொன்னீங்க? சேலையவா, என்னயவா?"

பந்தலுக்குள் பிள்ளை ஒன்று அழுதது. காது குத்துவதற்கு முன்னாலேயே அழுகிறது என்று யாரோ சிரித்தார்கள். பிலோமினாள் தரையில் கிடந்த ஒயரை மிதிக்காமல் தள்ளி நின்றாள்.

"சேலையன்னு நெனச்சுத்தான் சொன்னேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியல."

ஞானமுத்து தலையை ஆட்டினார். தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். பாதி சுருட்டிவிட்டு, "அப்ப நாளைக்கு ஓலை வேணாம்னு சாயங்காலம் ஃபாதர்கிட்டச் சொல்லிர்றேன். எம்பேர்லயே சொல்லிக்கிறேன். ஒங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார்.

அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. அதோடு கூடவே, கைக்கு வந்த ஒன்று நழுவிக் கீழே விழுகிற மாதிரியும் இருந்தது. இது என்ன? எது வேண்டும் என்று வந்தோம்?

"வேணாம்தான?" என்று கேட்டார் அவர்.

"வேணா..." என்று பழக்கத்தில் வாய் போய்விட்டது. பாதியில் பிடித்து நிறுத்தினாள். அவர் கையில் ஒயரோடு காத்திருந்தார்.

"இப்ப வேணாம்" என்றாள் பிலோமினாள்.

ஞானமுத்து சுருட்டிய ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இப்ப வேணாம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "சரிங்க" என்று ஏணியில் ஏறினார். அவள் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்" என்று கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டது போல அவளுக்குப் பட்டது.

நடந்ததைக் கேட்டுக் கனகா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணு ஆமான்னு சொல்லணும், இல்ல இல்லன்னு சொல்லணும். இப்ப வேணாம்னா என்னடி அர்த்தம்?"

"எனக்கும் அதான் தெரியல" என்றாள் பிலோமினாள்.

அடுத்த நாள் காலையில் பீரோவைத் திறந்தாள். அரக்குச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதா, அப்படியே வைப்பதா என்று இரண்டு நாளாக யோசித்திருந்தாள். ஒரு கட்டிக்கிறேன் சேலைக்கு, ஒரு கட்டிக்கிறேன் ஆளுக்கு என்றால், எது சந்தேகம் இல்லாததோ அதையாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்ன சொல் பாதியாவது நிற்கட்டும். சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனாள்.

ஆல்பின் அவளோடு பேசவில்லை. முந்தின நாள் சாயங்காலமே விஷயம் வந்துவிட்டது. வேணாம் என்றது தான்தான் என்று ஞானமுத்து சொன்னதை யாரும் நம்பவில்லை. சவரியம்மாள் தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தாள். விஷயம் தெரியாத லூர்தம்மாள் மட்டும் அந்தச் சேலையைப் பார்த்துப் பூரித்துப்போனாள். பூசை முடிவில் ஓலை வாசித்தார்கள். யார் யார் பெயரோ வந்தது. ஞானமுத்து பெயர் வரவில்லை. லூர்தம்மாள் சேலையைப் பார்த்தாள், பீடத்தைப் பார்த்தாள், மறுபடியும் சேலையைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாசலில் சவரியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், எந்தம்பியக் கட்டிக்கிறேன்னு சபையில சொல்லிட்டு இப்ப மாட்டேங்கிறவ, நான் எடுத்துக் குடுத்த சேலைய மட்டும் எந்த மொகத்தோடடி கட்டிட்டு வந்த?"

பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிலோமினாளுக்குக் காது சூடேறியது. குனிந்து முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்னு நான் சொல்லலக்கா" என்றாள். "கட்டிக்கிறியான்னு கேட்டீக, கட்டிக்கிறேன்னு சொன்னேன். கட்டிட்டேன்ல?"

யாரோ ஒருவர் சிரித்தார். ஜெனிஷா அத்தை கையை விட்டுவிட்டு வந்து, அந்தச் சேலையின் கரையைத் தடவிப் பார்த்தாள். "நாந்தான் இந்தக் கலரு எடுக்கச் சொன்னேன்" என்றாள். பிலோமினாள் குனிந்து அந்தப் பிள்ளையின் அவிழ்ந்திருந்த ரிப்பனை முடிந்துவிட்டாள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டான். சவரியம்மாள் இன்னும் பேசவில்லை. தம்பிக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் "இப்ப வேணாம்" என்று சொல்லிவிடுவதாகத் தெருவில் பேச்சு. கோயில் விசேஷங்களில் அவர் ஸ்பீக்கர் கட்டும்போது ஜெனிஷாவைப் பிலோமினாளிடம் விட்டுவிட்டுப் போகிறார். வந்து கூட்டிக்கொண்டு போகையில், "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" "பஸ்ல யாரப் பாத்தீங்க?" என்று கேட்கிறார். திருப்பிக் கொடுக்க முடியாத கேள்வியாகப் பார்த்துத்தான் கேட்கிறாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம், கேட்டதில்லை. சேலையவா, என்னயவா என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் அவரும் மறுபடி கேட்கவில்லை.

பிலோமினாள் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அரக்குச் சேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிக்கொள்கிறாள். ஓலை இன்னும் வாசிக்கவில்லை.